கூரைக்குள் போகும் சரக்கு

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வீடு கட்ட இறங்குகிறவருக்கு வரும் முதல் தலைவலி, சரக்கை எங்கே இறக்குவது என்பது. மனை இருபதுக்கு முப்பது அடி. இரு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். எம் சாண்ட் லாரி விடியுமுன் வந்து தெருவிலேயே கொட்டிவிட்டுப் போகும். ஜல்லி பக்கத்து வீட்டு வாசல் வரை சரியும். பன்னிரண்டு மீட்டர் கம்பி இரண்டாக மடங்கி வந்து சாக்கடை மூடி மேல் படுத்துக் கிடக்கும். சிமென்ட் மூட்டைக்கு மட்டும் தனி மரியாதை: தார்ப்பாய் போர்த்தி, பலகை மேல் ஏற்றி, உள்ளே வைப்பார்கள்.

வீட்டுக்காரரின் கவனமும் இந்த மரியாதைப்படியே போகிறது. எந்தக் கம்பெனி சிமென்ட் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்பார். கம்பியில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறையுமா என்று நாலு கடை ஏறி இறங்குவார். டிரம்மில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அரிது. கம்பிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று குனிந்து பார்ப்பவர் அதைவிட அரிது. ஆனால் ஒழுகும் கூரையையும் உதிரும் கூரையையும் ஆராய்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் மலிவான சரக்காகவே இருக்கிறது: தூசி நிறைந்த மணல், அளவில்லாத தண்ணீர், காசே இல்லாத அந்தச் சின்ன இடைவெளி. அதனால் இந்த அத்தியாயம் சிமென்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றவற்றில் அதிக நேரம் நிற்கும்.

கம்பி எதற்கு என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பழைய பெங்களூர் கிராமத்து வீடுகளுக்குக் கூரை கருங்கல் பலகைதான். சுவருக்குச் சுவர் கல்லை வைத்து, சந்தில் சுண்ணாம்பு அடைத்துவிடுவார்கள். பாரம் ஏறும்போது அந்தப் பலகையின் மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு அமுக்கம் தாங்கும் வலு ஏராளம், இழுவிசை தாங்கும் வலு மிகக் குறைவு. அடியில் ஒரு விரிசல் விழுந்தால் பலகை முறிந்தது முறிந்ததுதான். ஆகவே அந்த வீடுகளில் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது கல்லின் நீளம். பக்கத்தில் காக்ஸ் டவுன், குக் டவுன் பங்களாக்களில் மர உத்தரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் குத்திட்டு அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வந்தது. அங்கே இழுவிசையை மரம் ஏற்றுக்கொண்டது.

கான்கிரீட்டும் ஒரு வகைக் கல்தான், கல்லின் நோய் அதற்கும் உண்டு. அமுக்கத்தில் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையில் தாங்கும். இழுபடும் பக்கத்தில் இரும்பை வைத்தால் அந்தக் குறை தீர்கிறது. பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே பூந்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பி வலையைச் சிமென்டுக்குள் புதைத்து 1867-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஜீவனஹள்ளி மொட்டை மாடிக்கும் அதே யோசனைதான். இந்தக் கூட்டணி நீடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெயிலில் கான்கிரீட் விரியும் அளவும் இரும்பு விரியும் அளவும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் ஒன்றை ஒன்று கிழிப்பதில்லை. அடுத்தது, கான்கிரீட்டின் உள்ளே காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. படலம் இருக்கும் வரை கூரைக்கு ஆயுள். இதை நினைவில் வைத்துக்கொண்டு குவியல்களைப் பார்க்கலாம்.

ஒரு கணக்கும் கையில் இருக்கட்டும். 600 சதுர அடி, 5 அங்குலத் தடிமன் உள்ள கூரைக்குச் சுமார் 250 கன அடி, அதாவது 7 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற பழக்கப்பட்ட கலவையில் அது ஏறத்தாழ 55 மூட்டை சிமென்ட், 105 கன அடி மணல், 210 கன அடி ஜல்லி. பீம்களுக்கு ஆவது தனி. மேஸ்திரி 40 மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்றால் அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. தடிமனோ கலவையோ குறையப்போகிறது என்று பொருள்.

மூட்டை

சிமென்ட் என்பது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டு, கிடைத்த கிளிங்கரைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்த தூள். கர்நாடகத்தில் இதற்கான சுண்ணாம்புக்கல் கலபுரகி மாவட்டத்தில் வாடி, சேடம் வட்டாரத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அரியலூர். தூளாக இருக்கும்போதே அது காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதம் கிடந்த மூட்டை தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும் என்பது கட்டுமானத் துறையின் நெடுநாள் கணக்கு. மூட்டையின் மேல் எத்தனையாவது வாரம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். கம்பெனிப் பெயரைவிட அந்த வாரம் முக்கியம். கையை உள்ளே விட்டால் குளுமையாக இருக்க வேண்டும்; விரலில் நசுங்காத கட்டி தட்டுப்பட்டால் அந்த மூட்டை கூரைக்கு வேண்டாம்.

53 கிரேடு சாதா சிமென்டா, பி.பி.சி.யா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பி.பி.சி. என்பது அனல் மின்நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை சேர்த்தது. "சாம்பல் கலந்தது எப்படி நிற்கும்?" என்று கேட்கிறவர்களுக்குக் காவிரியின் மேல் நிற்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையே பதில். 1911-இல் வேலை தொடங்கிய அந்த அணை போர்ட்லண்ட் சிமென்டை நம்பிக் கட்டப்பட்டதில்லை. சுட்ட செங்கல் பொடியைச் சுண்ணாம்போடு அரைத்த சுர்க்கிக் காரைதான் அதன் கற்களைப் பிடித்திருக்கிறது. சுட்ட மண்ணின் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக இறுகும் வேதியியல் எதுவோ, சாம்பலுக்கும் அதுவே. பி.பி.சி. மெதுவாக வலுப்பெறும், சூடு குறைவு, நுண்துளையும் குறைவு. வீட்டுக் கூரைக்கு அது குறைந்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அதிக நாள் நனைக்க வேண்டும், சென்ட்ரிங்கைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. அந்தப் பொறுமை இல்லாத வேலையில் சாதா சிமென்ட் போட்டுக்கொள்வதே நல்லது.

தூசியும் கல்லும்

லால்பாகில் உள்ள பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. தென்னிந்தியாவின் அடித்தளமான தீபகற்ப நைஸ் பாறை அது. பெங்களூரைச் சுற்றிச் சிக்கபள்ளாபுரம், கோலார், மாகடி, ஓசூர்ப் பக்கங்களில் நொறுக்கப்படும் கல்லும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். ஆகவே இந்த ஊர் ஜல்லியின் கடினத்தைப் பற்றிக் கவலைப்பட அவ்வளவு அவசியமில்லை. கவலை அதன் வடிவத்தைப் பற்றி. கன சதுரம்போல் முனை மழுங்கிய கல் நன்றாகப் படியும். தட்டையாகவும் ஊசியாகவும் உள்ள கல் ஒன்றின் மேல் ஒன்று பாலம் கட்டிக்கொண்டு நடுவே ஓட்டை விடும். ஐ.எஸ். 383:2016 என்ற இந்தியத் தரநிலை இந்தத் தட்டையும் நீளமும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு சட்டி ஜல்லியைத் தரையில் கொட்டிப் பொறுக்கிப் பார்த்தாலே மனதுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிடும். முக்கால் அங்குல ஜல்லி மட்டும் போதாது. அரை அங்குலத்தையும் அறுபதுக்கு நாற்பது என்று கலந்தால் சந்துகள் நிரம்பும். ஜல்லியின் மேல் ஒட்டிய வெள்ளைத் தூசியைக் கழுவிவிட வேண்டும். அது இருக்கும் இடத்தில் சிமென்ட் கல்லைப் பிடிக்காது.

(இந்தக் கல் சும்மா வருவதில்லை. 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாபுரம் அருகே ஹிரேநாகவள்ளியில் கல்குவாரி வெடிப்பொருள் வெடித்து 6 பேர் இறந்தார்கள்.)

மணல்தான் உண்மையான சிக்கல். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடும் கட்டுப்பாடும் வந்த பிறகு பெங்களூரின் கட்டுமானம் எம் சாண்டுக்கு மாறிவிட்டது. மாறியதில் தவறில்லை, நல்ல எம் சாண்ட் சுமாரான ஆற்று மணலைவிட மேல். தவறு வேறு இடத்தில் நடக்கிறது. குவாரியில் ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூளையும் எம் சாண்ட் என்ற பெயரிலேயே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். உண்மையான எம் சாண்ட், கல்லைக் கல்லோடு மோதவிட்டு முனையை மழுக்கும் செங்குத்துத் தண்டு இயந்திரத்தில் உருவாகி, சலிக்கப்பட்டு, கழுவப்பட்டு வருவது. கிரஷர் தூள் அப்படி எந்தப் பக்குவமும் பெறாதது. அதில் மாவுபோல் நுண்தூசி மிகுதி, துகள் முனைகள் கூர்மை. அந்த மாவு தண்ணீரைக் குடிக்கும். கலவை இறுகிப்போகும். உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். கூரையின் கேடு அங்கே தொடங்குகிறது.

75 மைக்ரான் சல்லடையில் கீழே இறங்கும் தூசி, நொறுக்கிய மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று அதே தரநிலை அனுமதிக்கிறது. ஆய்வகத்தில் இதைச் சோதிக்கச் செலவு அதிகமில்லை. லாரி வந்த இடத்திலேயே ஒரு வழி உண்டு. நேரான பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். மணலின் மேல் தனி அடுக்காகப் படியும் சகதியின் உயரமே தூசியின் கதையைச் சொல்லும். ஆய்வகச் சான்றுக்கு அது ஈடாகாது, ஆனால் லாரியைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கப் போதும். பி சாண்ட் என்பது பூச்சுக்கான பொடி மணல். விலை வித்தியாசத்துக்காக யாராவது அதையே கூரைக்கு நீட்டினால் மறுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, ஈரம். லேசாக நனைந்த மணல் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உப்பும். கன அளவு 20, 30 சதவீதம் வரை கூடிவிடும். சட்டிக் கணக்கில் அளந்தால் மணல் குறைவாகவும் தண்ணீர் கூடுதலாகவும் விழும். ஜீவனஹள்ளித் தெருவில் கொட்டிய குவியல் இரவு மழையில் நனைந்திருந்தால் காலையில் பழைய சட்டிக் கணக்கு செல்லாது. கீழே தார்ப்பாய், மேலே தார்ப்பாய் இரண்டும் வேண்டும். சாக்கடை ஓரம் வெறும் தரையில் கொட்டிய மணலின் அடி அரை அடியைக் கூரைக்கு எடுக்காமல், தரை நிரப்பத் தள்ளிவிடுவது நல்லது.

தண்ணீர்

2024 கோடையில் பெங்களூர் தவித்தபோது, குடிநீரைக் கட்டுமானத்துக்கோ வண்டி கழுவவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகரக் குடிநீர் வாரியம் மார்ச் மாதத்தில் உத்தரவிட்டது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் செய்து மேலேற்றிக் கொண்டுவரும் காவிரியைக் கான்கிரீட்டில் ஊற்றுவது நியாயமா என்ற கேள்வி சரியானதே. ஆனால் குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் போர், டேங்கர், சுத்திகரித்த கழிவுநீர் என்று கிடைத்ததை ஊற்றும் பழக்கம் வந்துவிடுகிறது. நகரின் நடுவே உள்ள போரில் சாக்கடைக் கசிவு கலந்திருக்கலாம். டேங்கரை எந்தக் கிணற்றில் நிரப்பினார் என்பது டேங்கர்காரருக்கே வெளிச்சம்.

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000 தரநிலை இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உதவும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் 2,000 வரை பரவாயில்லை. நான்கு மடங்கு வித்தியாசம் எதற்கு? குளோரைடு கான்கிரீட்டை ஒன்றும் செய்வதில்லை. இரும்பின் மேல் உள்ள அந்தப் பாதுகாப்புப் படலத்தைத்தான் துளைக்கிறது. துளைத்த இடத்தில் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கிடைக்காதபோது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும்.

குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாவது மாடியில் தொடங்கி வரிசையாகத் தளங்கள் சரிந்தன. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. குழு கான்கிரீட்டுக்குள்ளேயே குளோரைடு பரவியிருந்ததையும் கம்பிகள் துருப்பிடித்திருந்ததையும் கண்டது. குருகிராமுக்குப் பக்கத்தில் கடல் இல்லை, பெங்களூருக்கும் இல்லை. கடலோரத்தில் இல்லையே என்ற நிம்மதி இந்த விஷயத்தில் உதவாது. போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்து, குளோரைடும் சல்பேட்டும் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிடுவது 55 மூட்டை சிமென்டின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சுத்திகரித்த நீரும் இந்தச் சோதனையில் தேறினால் தாராளமாக உதவும்.

தரம் ஒரு பாதி, அளவு மறு பாதி. எம் 20 கலவைக்கு (மேலே பார்த்த ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று) ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர் என்பது ஐ.எஸ். 456 கொடுக்கும் உச்ச அளவு. கூரை நீண்ட காலம் நிற்க வேண்டுமானால் சிமென்டின் எடையில் 55 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 27 லிட்டர்தான். மழை படும் கூரை, மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரம் போன்றவற்றுக்கு எம் 25 போட்டு 25 லிட்டரில் நிறுத்துவது முறை. சிமென்ட் இறுகத் தேவைப்படும் தண்ணீர் இதைவிடக் குறைவு. மிஞ்சியது ஆவியாகிப் போகும், போன வழி துளையாக நிற்கும். அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இலேயே இதை விதியாக வகுத்தார்: மற்றவை மாறாமல் இருக்க, தண்ணீர் ஏற ஏற வலு இறங்கும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? மிக்ஸர் ஓடுகிறது, மேலே நிரப்புகிறவர் கத்துகிறார், கீழே நிற்பவர் குழாயைத் திறந்துவிடுகிறார். "தண்ணி கம்மியா இருந்தா கலவை ஓடாதுண்ணா" என்பது எல்லாத் தளத்திலும் கேட்கும் வசனம். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. கம்பிகளுக்கு நடுவே இறங்காத கலவை ஓட்டை விட்டுவிடும். அதற்கு மருந்து தண்ணீர் ஆகாது. பிளாஸ்டிசைசர் திரவத்தை டப்பாவில் எழுதியுள்ள அளவுப்படி சேர்த்தால் அதே தண்ணீரில் கலவை இளகும். ஊசி வைப்ரேட்டர் வைத்தால் இறங்கும். குழாயை மிக்ஸர் பக்கமே விடாமல், அளவு குறித்த பக்கெட்டில் மட்டும் தண்ணீர் தர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு மூட்டைக் கலவைக்கு வேண்டிய சுமார் 83 கிலோ மணலில் 4 சதவீதம் ஈரம் இருந்தாலே 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மழைக்காலத்தில் அதைக் கழித்துத்தான் ஊற்ற வேண்டும்.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. பெரிய வண்டி ஜீவனஹள்ளிச் சந்துகளில் நுழையாது. முனையில் நிறுத்திக் குழாய் இழுத்து பம்ப் செய்ய வேண்டும். கலவை ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது விதி. நெரிசலில் மாட்டி வந்த வண்டியில், இறுகிய கலவையை இளக்க டிரைவர் தண்ணீர் ஊற்ற முனைவார். டெலிவரிச் சீட்டில் ஏற்றிய நேரத்தைப் பார்ப்பதும், டிரம்முக்குள் ஒரு பக்கெட்கூட விடாமல் தடுப்பதும் வீட்டுக்காரரின் வேலை.

கம்பி

கர்நாடகத்துக்கு இரும்பு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பல்லாரிப் பக்கம் தோரணகல்லிலேயே பெரிய உருக்காலை இருக்கிறது. கடையில் கிடைக்கும் கம்பி தாதுவிலிருந்து உருக்கியதாகவும் இருக்கும், பழைய இரும்பை உருக்கி உருட்டியதாகவும் இருக்கும். இரண்டிலும் நல்லது உண்டு. கேட்க வேண்டியது, ஐ.எஸ். 1786:2008 முத்திரையோடு எஃப்.ஈ. 500 டி என்ற கிரேடு. 500 என்பது வலு. அந்தக் கடைசி எழுத்துத்தான் முக்கியம். வெறும் 500 கம்பி அறுவதற்கு முன் 12 சதவீதம் நீண்டால் போதும். டி ரகம் 16 சதவீதம் நீள வேண்டும். கந்தகமும் பாஸ்பரஸும் டி ரகத்தில் இன்னும் குறைவு. நீளும் கம்பி ஆபத்துக்கு முன் எச்சரிக்கை தரும்: கூரை தொய்யும், விரிசல் காட்டும், ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். பெங்களூர் நிலநடுக்க அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருப்பதாக ஐ.எஸ். 1893:2016 வகுத்திருப்பதைச் சொல்லிச் சிலர் டி ரகத்தைத் தவிர்ப்பார்கள். விலை வித்தியாசம் அந்த அளவுக்குப் பெரிதில்லை.

டி.எம்.டி. கம்பி உருளையிலிருந்து செந்தணலாக வெளிவரும்போதே தண்ணீர்ப் பாய்ச்சலில் மேல்தோல் திடீரெனக் குளிர்ந்து இறுகுகிறது; நடுப்பகுதி மெதுவாக ஆறி இளக்கமாக இருக்கிறது. வெளியே கடினம், உள்ளே வளைவு. அதனால் இந்தக் கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைக்கவே கூடாது. காய்ச்சினால் அந்தத் தோலின் பலன் போய்விடும். மடித்து வந்த கம்பியை நிமிர்த்துவது வேறு, வளைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்துவது வேறு.

எடைதான் எளிய சோதனை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் கிலோ கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் முழுக் கம்பி 10.66 கிலோ. 8 மி.மீ. என்றால் முழுக் கம்பி 4.74 கிலோ. 10 மி.மீ. வரை உள்ள கம்பிகளுக்கு 7 சதவீதமும், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதமும் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு கட்டை எடை போட்டு, எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி தெரிந்துவிடும். கம்பிக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் கடையில் இந்தச் சோதனை கட்டாயம். மெலிந்த கம்பியில் வீட்டுக்காரரின் காசு மட்டும் போவதில்லை. இன்ஜினியர் கணக்குப் போட்ட இரும்பே கூரைக்குள் வராது.

மேலாக மஞ்சள் பூத்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். தட்டினால் செதிலாக உதிரும் துரு வேறு, அந்தக் கம்பி வேண்டாம். சென்ட்ரிங் தகட்டில் தடவும் எண்ணெய் கம்பியில் பட்டால் பிடிப்பு போய்விடும். தகட்டுக்கு முதலில் எண்ணெய், பிறகுதான் கம்பி கட்ட வேண்டும்.

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்த வட்டாரத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளின் தூணுக்குள் இருப்பது வழவழப்பான சாதாக் கம்பியாகவோ, முறுக்கிய டார் ஸ்டீலாகவோ இருக்கும். அஸ்திவாரம் ஒரு மாடிக்கு என்று போட்டதாக இருக்கும். மேலே எவ்வளவு உயர்ந்த சரக்கைப் போட்டாலும் கீழே இருப்பதன் கணக்கு மாறாது. ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பாபுசாப்பாளையத்தில், 2024 அக்டோபர் 22 அன்று கட்டுமானத்தில் இருந்த பல மாடிக் கட்டடம் மழையில் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அது விதிமீறிய கட்டுமானம் என்று அரசுத் தரப்பே சொன்னது. மாடி ஏற்றும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு மாற்று எதுவும் கிடையாது.

இருபது மில்லிமீட்டர்

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளித்தோலுக்கும் இடையே உள்ள தூரம்தான் கவர். காற்றில் உள்ள கரியமிலவாயு வெளியிலிருந்து மெல்ல ஊறி, கான்கிரீட்டின் காரத்தைத் தணித்துக்கொண்டே உள்ளே வரும். அது கம்பியைத் தொடும் நாளில் பாதுகாப்புப் படலம் முடிந்தது. கவர் எவ்வளவோ அவ்வளவு அவகாசம். கூரைக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது வழக்கமான அளவு. பீமுக்கு வரைபடங்களில் பெரும்பாலும் 25 இருக்கும்.

இதற்கு ஜல்லித் துண்டை அடியில் செருகுவது பெங்களூரில் இன்றும் பார்க்கும் காட்சி. ஜல்லி உருண்டு போகும், கம்பி தகட்டில் படுத்துவிடும். சில ஆண்டுகளில் கூரையின் அடியில் கம்பி ஓடிய கோடு துருவாகத் தெரியும், பிறகு பூச்சு உதிரும். சிமென்டில் வார்த்த கவர் பிளாக்கோ, கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிளாக்கோ மீட்டருக்கு ஒன்று வீதம் வைத்தால் தீர்ந்தது. மொத்த வீட்டுக்கும் ஆகும் செலவு ஒரு மூட்டை சிமென்டைச் சுற்றித்தான் நிற்கும்.

தெருப் பக்கம் நீட்டிய பால்கனியில் கணக்கு தலைகீழ். அங்கே இழுபடுவது மேல்பக்கம், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் சட்டியோடு ஓடும் ஆட்கள் அதை மிதித்து மிதித்து அடியில் தள்ளிவிடுவார்கள். மேல் கம்பிக்குக் கீழே முக்காலி வடிவில் வளைத்த கம்பித் துண்டுகளை நிறுத்தி, மேலே நடக்கப் பலகை போட்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் போடும் அன்று 15 செ.மீ. அச்சில் க்யூப் எடுக்க வேண்டும். 7 கன மீட்டர் கூரைக்கு இரண்டு மாதிரிகள், ஒவ்வொன்றிலும் மூன்று க்யூப். 28-ஆம் நாள் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் கேட்ட கிரேடே வந்ததா என்று தெரியும். மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். 600 சதுர அடியில் இரண்டு அங்குலம் நிற்க 2,800 லிட்டர் பிடிக்கும், அதற்கு டேங்கரை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சாதா சிமென்டுக்கு 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள் என்பது குறைந்தபட்சம். மார்ச், ஏப்ரல் வெயிலில் 14 நாள் நனைப்பதே நல்லது.

முட்டுக் கழிகளை எப்போது எடுப்பது என்பதில் சென்ட்ரிங்கை வாடகைக்கு எடுத்தவர் அவசரப்படுவார். தகட்டுக்கு நாள் கணக்கில் காசு. நாலரை மீட்டர் வரை உள்ள கூரைக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரை பீமுக்கு 14 நாள் என்பது சாதா சிமென்டுக்கும், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கும் வகுத்த கணக்கு. பி.பி.சி. போட்டிருந்தாலோ, டிசம்பர் இரவுகளில் குளிர் அந்த எல்லைக்கு இறங்கினாலோ இன்னும் சில நாள் விட வேண்டும். எடுக்கும்போது அறைக் கூரையில் நடுவிலிருந்து சுவரை நோக்கியும், பால்கனியில் வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கியும் கழிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும்.